பின்னாலிருந்து எடுத்த காட்சிகள்

அன்று காலை பாப்பா வரவில்லை.

படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்த பழைய மாடி வீட்டில் விளக்குகளை ஏற்றி, ஜன்னல்களுக்குச் சாம்பல் நிறத் தாள் ஒட்டிவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். கதாநாயகியை யூனிட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்தப் படமானாலும் அவள் பாப்பாதான். "பாப்பா வந்தாச்சா?" என்று உதவி இயக்குநர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். டைரக்டர் தானே காரை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கதவில் பூட்டு. போன் அணைந்து கிடந்தது. அவளுடைய அம்மாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். கடைசியில் தலை அலங்காரம் செய்பவளின் முறை வந்தது. கொண்டையில் எப்போதும் ஒரு சீப்பைச் செருகியிருப்பதால் அவளுக்குச் சீப்பு என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அதுதான் உண்மைப் பெயர் என்று நினைத்து, "சீப்பு மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிடுவதும் உண்டு.

"உனக்குத் தெரியாம அவ தும்மக்கூட மாட்டாளே. எங்க போனா?" என்று கேட்டார் டைரக்டர்.

"தெரியாது சார். நேத்து நல்லாத்தான் இருந்தா."

அது பொய். முந்தின நாள் சாயங்காலம் பாப்பா அவளை வீட்டுக்கு வரச்சொல்லி, குளியலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, "பையன் மாதிரி வெட்டிடுங்கக்கா" என்று சொல்லியிருந்தாள். இடுப்பைத் தொடும் முடி அது. சீப்பு கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"படம் முடியலயே பாப்பா. டைரக்டர் என்னைக் கொன்னு போட்டுடுவார்."

"உங்களை இல்ல. என்னைத்தான்," என்றாள் பாப்பா. சிரித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "எங்க போறேன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா சொல்லிடுவேன். அப்புறம் உங்களால பொய் சொல்ல முடியாது."

வெட்டிய முடியைச் சீப்பு ஒரு துணிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். அத்தனை நல்ல முடியைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

டைரக்டருக்கும் பாப்பாவுக்கும் இடையே இருந்தது யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும். முதலில் பார்க்க அழகாக இருந்தது. அவர் அவளுக்குக் குடை பிடிப்பார். அவள் வசனத்தை மறந்தால் கோபப்படாமல் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பார். பிறகு அவள் எந்த உடையில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவரே சொல்லத் தொடங்கினார். படப்பிடிப்பு நேரத்தில் அவளுடைய போன் அவர் பாக்கெட்டில் இருந்தது. கொஞ்ச நாளில் அவளுடைய பாஸ்போர்ட்டும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. படப்பிடிப்பு இல்லாத நாட்களில் அவர் கார் அவள் வீட்டு வாசலிலேயே நின்றது. அவர் எடுத்துக்கொண்டிருந்த படமும் அப்படிப்பட்டதுதான். விட்டுப்போன மனைவியைத் தேடித் திரியும் ஒருவன், தேடித் தேடிப் புத்தி பேதலித்து, அவளைக் கண்டுபிடித்த அன்று தன் கையாலேயே கொன்றுவிடுவான். அது காதல் கதை என்று டைரக்டர் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

சீப்பும் மறுக்கவில்லை. அவளுக்கு அவர்மேல் ஆசை இருந்தது. இரண்டு படங்களுக்கு முன்னால், வெளியூர்ப் படப்பிடிப்பு முடிந்து வேனில் திரும்பும்போது, டைரக்டர் தூக்கத்தில் அவள் தோளில் சாய்ந்துவிட்டார். வழி முழுக்க அவள் தோளை அசைக்கவில்லை. கை மரத்துப்போய், அடுத்த நாள் சீப்பைப் பிடிக்க முடியாமல் கஷ்டப்பட்டாள். அவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு அவள் இத்தனை காலம் ஓட்டிவிட்டாள். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வந்த வரன்களை எல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்தாள். அவள் குடியிருந்த அண்ணன் வீட்டில் அண்ணி, "எங்க நாத்தனாருக்கு மாப்பிள்ளையை இனிமே ஆர்டர் குடுத்துத்தான் செய்யணும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

படப்பிடிப்பு நின்றது. தயாரிப்பாளர் படத்தை மூடிவிடலாம் என்றார். அப்போதுதான் டைரக்டர் சீப்பைத் தனியாகக் கூப்பிட்டார். சவரம் செய்யாத முகம். கண்கள் சிவந்திருந்தன.

"திரும்பு," என்றார்.

அவள் புரியாமல் திரும்பி நின்றாள். அவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அதே உயரம். தோளும் அதேதான். மிச்சம் இருக்கற சீன்ல பாதி, அவன் அவளைத் தூரத்துல பாத்துப் பின்னாலயே போறதுதான். முகமே தேவையில்ல. அவ எப்படி நடப்பா, எப்படித் திரும்புவான்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? செய்வியா?"

அவள் செய்கிறேன் என்றாள். உயிரைக் கேட்டிருந்தாலும் அன்றைக்குக் கொடுத்திருப்பாள்.

கம்பெனி விக் அவருக்குப் பிடிக்கவில்லை. பொம்மை முடி மாதிரி இருக்கிறது என்று பிடுங்கி எறிந்தார். அன்றிரவே அவள் வீட்டில் உட்கார்ந்து, துணிப் பையில் இருந்த முடியைச் சரம் சரமாகக் கட்டிச் சவுரி செய்தாள். காலையில் அதைத் தன் முடியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டு, பாப்பாவின் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள். யூனிட்டே கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. கேமராமேன் மட்டும், "சீப்பு, திரும்பிடாதே. மனசு உடைஞ்சிடும்" என்று கிண்டல் செய்தார். டைரக்டர் அருகில் வந்து பின்னலின் நுனியைக் கையில் எடுத்தார்.

"இந்த முடி எங்க வாங்கினே?"

"கடையில சார்."

அவர் நுனியை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் நடந்தாள், பேருந்தில் ஏறினாள், கடை வாசலில் வளையல்களைப் பார்ப்பதுபோல் நின்றாள். கேமரா எப்போதும் அவள் முதுகில் இருந்தது. "இடது தோளைக் கொஞ்சம் இறக்கு" என்பார் டைரக்டர். "அவ நடக்கும்போது கை ஆடாது." ஆடவில்லை. வீட்டிலும் ஆடவில்லை. "என்ன, கை வலியா? ரோபோ மாதிரி நடக்கறே?" என்று அண்ணி கேட்டாள்.

அந்த வாரம்தான் பாப்பாவின் போன் வந்தது. தெரியாத எண். மதிய உணவு இடைவேளையில், உடை மாற்றும் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சீப்பு பேசினாள்.

"அக்கா, நான்தான். பக்கத்துல யாரும் இல்லையே?"

"எங்க இருக்கே பாப்பா?"

"என்கூடப் படிச்ச ஒருத்தி நர்ஸா இருக்கா, அவ வீட்டுல. அவ டியூட்டிக்குப் போனா நான் வெளியில பூட்டச் சொல்லி உள்ளயே இருக்கேன். அக்கா, என் பாஸ்போர்ட் உங்க பெட்டியில இருக்கு. கர்லர் வெக்கற தட்டுக்கு அடியில. அவர் பையிலேருந்து எடுத்து அங்கதான் ஒளிச்சு வெச்சேன். அன்னைக்கு உங்க பெட்டி யூனிட் வேன்ல போயிடுச்சு, எடுக்க முடியல. முடி வெட்டும்போதே கேட்டிருக்கலாம், உங்களையும் மாட்டிவிட வேண்டாம்னு சொல்லல. அது கிடைச்சா வெளிநாட்டுல இருக்கற என் சொந்த அக்கா என்னைக் கூட்டிக்குவா. கொண்டு வந்து குடுப்பீங்களா?"

போலீஸுக்குப் போகலாமே என்று சீப்பு கேட்டாள். போனால் பேப்பரில் வரும், இடம் தெரிந்துவிடும், அம்மா வீட்டு வாசலில் ஏற்கெனவே அவருடைய ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்றாள் பாப்பா. பேருந்து டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பு, மூன்றாவது கட்டடம் என்று வழி சொன்னாள். பேச்சின் நடுவில், சொல்ல வேறு ஆள் இல்லாததால், மனதில் இருந்ததையும் கொட்டினாள். அவரோடு இருக்கும்போது மூச்சு முட்டும் என்றாள். ஜன்னலைத் திறந்தால்கூட யாரைப் பார்க்கிறாய் என்று கேட்பார் என்றாள். "ஆனா அக்கா, சில நாள் என்னைப் பாத்து அழுவார். அப்ப எனக்கு அவர் தலையைத் தடவிக் குடுக்கணும்போல இருக்கும். அதுதான் பயமா இருக்கு."

சீப்பு பெட்டியைத் திறந்து கர்லர் தட்டைத் தூக்கினாள். பாஸ்போர்ட் இருந்தது. அதைக் கையில் எடுத்து, பாப்பாவின் புகைப்படத்தைப் பார்த்தாள். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆன பிறகு டைரக்டர் அவளை இருக்கச் சொன்னார். வெளியில் இன்னும் வெயில் இருந்தது. மாடி அறையில் ஜன்னலைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார். தான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்கு எடுக்கற சீனுக்கு ஒத்திகை. நீ பேச வேண்டாம். திரும்பாதே."

அவர் பேசத் தொடங்கினார். வசனம் இல்லை அது. ஏன் போனாய் என்று கேட்டார். நான் என்ன தப்பு செய்தேன், சொல்லியிருந்தால் மாற்றிக்கொண்டிருப்பேனே என்றார். நீ இல்லாத வீட்டில் தண்ணீர் குடித்தால்கூடத் தொண்டையில் நிற்கிறது என்றார். அந்த மாதிரிப் பேச்சை அவள் தன் வாழ்க்கையில் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு ஆண் அவளுக்காக அழுதுகொண்டிருந்தான். அவளுக்காக இல்லை என்று தெரியும். தெரிந்தும் உடம்பு அதை நம்பியது.

"ஏன் போனே? ஒரு வார்த்தை சொல்லு," என்றார்.

"மூச்சு முட்டிச்சு," என்றாள் சீப்பு. பாப்பாவின் குரலில், கடைசி எழுத்தை விழுங்கிச் சொன்னாள்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து வந்து அவள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினார். அவள் அசையாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் இனி எதுவும் வேண்டாம் என்று இருந்தது.

மறுநாள் பாப்பா போன் செய்தபோது, "தேடிப் பாக்கறேன், பெட்டியை மாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று முதல் நாள் அவளுக்கே புரியவில்லை. இரண்டாவது போனில் புரிந்துவிட்டது. பாஸ்போர்ட் போய்ச் சேர்ந்துவிட்டால் போன் வராது. போன் வராவிட்டால் மாடி அறையில் சொல்ல அவளிடம் வார்த்தை இருக்காது. பாப்பா தவித்துக்கொண்டு போனில் சொல்வதை எல்லாம் அவள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செலவழித்தாள். அவர் பரிசாகக் கொடுத்த கொலுசை ஏன் போடவில்லை, மழையில் காரைவிட்டு இறங்கி ஏன் நடந்தாள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நடிப்பு பிரமாதம் என்று டைரக்டர் நினைத்தார். அவர் சாப்பிட ஆரம்பித்தார், சவரம் செய்துகொண்டார். தன்னால்தான் என்று அவள் பூரித்துப்போனாள்.

"அக்கா, கிடைச்சுதா?" பாப்பாவின் குரல் நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே வந்தது. "நேத்து கீழ ஒரு கார் நின்னுச்சு. அவரோடதுன்னு நினைச்சு பாத்ரூம்லயே உக்காந்திருந்தேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்குக்கா."

"கிடைச்சிடும் பாப்பா. கம்பெனி ஆள்கிட்ட சொல்லியிருக்கேன். ஆமா, நீ அவரை எப்படிக் கூப்பிடுவே? தனியா இருக்கும்போது?"

பாப்பா குரலைத் தாழ்த்தினாள்.

"எதுக்குக்கா அதெல்லாம்?"

"சும்மாதான். உன் மனசுல இருக்கறதைப் பேசினா லேசாகும்னு."

"அலாரம்னு கூப்பிடுவேன். விடிஞ்சும் விடியாம போன் பண்ணி எழுப்புவார்ல. முதல்ல செல்லமாத்தான் கூப்பிட்டேன். அப்புறம் நிஜமாவே அலாரம் அடிக்கற மாதிரி ஆயிடுச்சு. அவர் எண்ணைப் பாத்தாலே நெஞ்சு அடிச்சுக்கும்."

போனை வைத்த பிறகு சீப்புக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் பின்னலைச் சரிசெய்துகொண்டாள்.

அன்று மாடியில் அவர் வழக்கத்தைவிட மென்மையாகப் பேசினார். படம் முடியப்போகிறது, அதன் பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை என்று அழுதார். இந்த நாற்காலி போய்விடும். மறுபடி அவள் சீப்பைச் செருகிக்கொண்டு வேறு எவளுடைய தலைக்கோ பின்னால் நிற்க வேண்டியதுதான். எதையாவது சொல்லி அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று தவித்தாள்.

"அழாதே அலாரம்," என்றாள். "நான் எங்கயும் போகல."

அவர் மெதுவாக எழுந்து, நாற்காலியைச் சுற்றி வந்து, அந்த அறையில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி ஆசைகூட இல்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவன் பார்க்கிற பார்வை அது.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா... வாய் தவறி..."

"அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்." அவர் பின்னலைப் பிடித்து இழுத்தார். சவுரி ஊக்குகளோடு கழன்று அவர் கைக்கு வந்தது. முகத்தில் வைத்து முகர்ந்தார். மற்றக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "இது கடையில வாங்கினது இல்ல. நீதான் வெட்டினே. அவ எங்க இருக்கா?"

"சார், கை வலிக்குது."

அவர் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டார். அடிப்பார் என்று நினைத்தாள். அவர் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் கூப்பி, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

"ஒரு தடவை பாத்தா போதும். சத்தியமா எதுவும் செய்ய மாட்டேன். நீ நல்லவ. என்னைப் புரிஞ்சவ நீ ஒருத்திதான். நீ மட்டும் சொல்லிட்டா, சாகிற வரைக்கும் உன்னை என் பக்கத்துலயே வெச்சுக்கறேன். சொல்லு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

என்னைப் புரிஞ்சவ நீ ஒருத்திதான் என்று அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இத்தனை நாள் முதுகுக்குக் கிடைத்தது இப்போது முகத்துக்குக் கிடைத்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"டிப்போ பின்னாடி இருக்கற குடியிருப்பு," என்றாள். "மூணாவது கட்டடம். எந்த வீடுன்னு தெரியாது."

அவர் எழுந்தார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். சவுரியைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவளைத் தாண்டிக் கதவைத் திறந்து படியிறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அவளுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படத்தின் கடைசிக் காட்சி எப்படி முடியும் என்பது அவளுக்குத் தெரியும். அதை எழுதியது யார் என்பதும் தெரியும். பாப்பாவின் எண்ணுக்குப் போன் செய்தாள். அணைந்திருந்தது. மறுபடி செய்தாள். பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை உருவிக்கொண்டு, அவிழ்ந்த தலையோடு தெருவில் ஓடினாள். வந்த ஆட்டோவின் குறுக்கே விழாத குறையாகப் போய் நின்றாள்.

"அம்மா, சாகணும்னா வேற வண்டியைப் பாரு," என்று திட்டினார் ஆட்டோக்காரர்.

"டிப்போவுக்குப் போங்க. ஒருத்தி உயிர் போயிடும். சீக்கிரம் போங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் அவள் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அவருடைய கார் முன்னால் தெரிகிறதா என்று பார்த்தாள். எல்லா வெள்ளைக் காரும் அவர் கார் மாதிரியே இருந்தது.

மூன்றாவது கட்டடத்தின் வாசலில் அவர் கார் கதவு திறந்தபடி நின்றது. படிக்கட்டில் மேலே மணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வீட்டின் மணி, பிறகு அடுத்த வீட்டின் மணி. அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார். "மன்னிக்கணும், இங்க உயரமா, முடி குட்டையா ஒரு பொண்ணு இருக்காளா? என் மனைவி. உடம்பு சரியில்லாதவ" என்று மிகவும் பணிவாகக் கேட்பது காதில் விழுந்தது. ஒரு பெண் குரல், "மேல நர்ஸம்மா வீட்டுல யாரோ ஒரு பொண்ணு இருக்கற மாதிரி இருந்துச்சு, வெளியில பூட்டித்தான் கிடக்கும்" என்றது.

சீப்பு இரண்டிரண்டு படியாக ஏறினாள். அவர் பூட்டிய கதவின் முன்னால் நின்று பூட்டைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பையிலிருந்து முடி வெளியே தொங்கியது.

"வாடா கண்ணு," என்று கதவிடம் சொன்னார். "ஒண்ணும் பண்ண மாட்டேன். பேசணும், அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை. அவர் ஒரு அடி பின்னால் போய், தோளால் கதவை இடித்தார். கதவு அதிர்ந்தது. மறுபடி இடித்தார். இப்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம்.

"சார், வேண்டாம். வாங்க போகலாம்," என்று சீப்பு அவர் சட்டையைப் பிடித்தாள்.

அவர் அவளை உதறினார். அவள் சுவரில் மோதி விழுந்து, எழுந்து, மறுபடி போய் அவர் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ நாள் கனவு கண்ட உடம்பு அது. அவள் முகம் அவர் முதுகில் அழுந்தியிருந்தது. அவர் முழங்கையால் அவள் விலாவில் குத்தினார். அவள் விடவில்லை. வாயைத் திறந்து, தன் சொந்தக் குரலில், தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாராவது வாங்களேன்! பொண்ணைக் கொல்ல வந்திருக்கான்! ஐயோ, வாங்களேன்!"

கதவுகள் திறந்தன. கீழ்வீட்டுப் பெரியவர் பனியனோடு ஓடிவந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள், ஒருத்தி கையில் துடைப்பம், இன்னொருத்தி கையில் பிரஷர் குக்கர் மூடி. "என் குடும்ப விஷயம், நீங்க தலையிடாதீங்க" என்று டைரக்டர் சொன்னார். "குடும்பத்தைப் பாக்க வர்றவன் கதவை ஏன்யா உடைக்கறே?" என்றாள் குக்கர் மூடிக்காரி. அவர் சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் தன்னைப் பார்ப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். போலீஸ் வரும்வரை அப்படியே இருந்தார்.

நர்ஸ் வந்து பூட்டைத் திறந்தாள். பாப்பா உள்ளே சமையலறை மூலையில், கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டிய முடி கொஞ்சம் வளர்ந்து, ஒழுங்கில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பு பாதியாக இளைத்திருந்தது. சீப்பைக் கண்டதும், "அக்கா!" என்று எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

சீப்பு பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

பாப்பா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு சீப்பு போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

"இப்பத்தான் கிடைச்சுதா?"

கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம். பாப்பா நம்பியிருப்பாள்.

"முதல் நாள்லேருந்தே இருந்துச்சு," என்றாள் சீப்பு. "இந்த இடத்தைச் சொன்னதும் நான்தான்."

பாப்பா அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள். சற்றுமுன் கதவைப் பார்த்துப் பயந்திருப்பாளே, அதே கண்களோடு சீப்பைப் பார்த்தாள்.

"போயிடுங்கக்கா," என்றாள். "தயவுசெஞ்சு போயிடுங்க."

போலீஸ் ஸ்டேஷனில் சீப்பு எல்லாவற்றையும் சொன்னாள். தன்னைப் பற்றியும் எதையும் மறைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் நடுவில் பேனாவை வைத்துவிட்டு, "அந்த ஆளுக்குத்தான் பைத்தியம்னா, உனக்கு என்னம்மா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் பாப்பா வெளிநாட்டுக்குப் போய்விட்டாள் என்று கேமராமேன் சொல்லித் தெரிந்தது. டைரக்டர் சில வாரம் உள்ளே இருந்து ஜாமீனில் வெளியே வந்தார். எடுத்திருந்த காட்சிகளை வைத்து வேறொருவர் படத்தை வெட்டி ஒட்டி முடித்து வெளியிட்டார். ஓடவில்லை. அண்ணி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "படம் சகிக்கல. ஆனா பின்னாடி காட்டற இடத்துல எல்லாம் ஜனங்க அந்தப் பொண்ணு திரும்பாதான்னு தவிச்சாங்க" என்றாள். சொன்ன பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அருகில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

சீப்பு சினிமாவை விட்டாள். கடைத்தெருவில் ஒரு பெண்கள் அழகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பாப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுத நினைத்தாள். எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், அந்த முகவரி தன்னிடம் இருக்கக் கூடாது என்றே அவளுக்குத் தோன்றியது.

ஒருநாள் மத்தியானம், ஒரு கல்லூரி ஆசிரியைக்குத் தலை அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தாள்.

"சீப்பு," என்றது குரல்.

டைரக்டர். ஷாம்பு நுரை முழங்கை வரை வழிந்தது. அவர் தன்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டினாலும் சரி. அல்லது நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்பார். அதைக் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வாள் என்று அவளுக்கே அவள்மேல் பயமாக இருந்தது.

"அவ உனக்குப் போன் பண்ணாளா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"பண்ணா சொல்லு."

"பண்ண மாட்டா சார். என்கிட்ட இனிமே யாரும் பண்ண மாட்டாங்க. நீங்களும் பண்ணாதீங்க."

அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. அவள் அந்த எண்ணைத் தடுத்துவைத்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏங்க, தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கு. இருக்கீங்களா?" என்று தொட்டியில் தலையைச் சாய்த்திருந்த ஆசிரியை கேட்டாள்.

"இருக்கேன்மா," என்று சொல்லிவிட்டுச் சீப்பு வெந்நீர்க் குழாயைத் திறந்தாள்.